செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கிட்டார்: எந்தப் பாகம் ஒரிஜினல் என்று பார்ப்பது எப்படி?

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் தேடுகிற நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக்காரர்களுக்குப் பெங்களூர் கிட்டத்தில் இருப்பது ஒரு வசதி. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். வேலை மாறி வெளிநாடு போகிறவர், கல்லூரியோடு கிட்டாரையும் முடித்துக்கொண்டவர், புதுசு வாங்குவதற்காகப் பழசைத் தள்ளுகிறவர் என்று அங்கே விற்பவர்களுக்குக் குறைவில்லை. இதுபோக, சர்ச் பாடகர் குழுவிலும் திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவிலும் வருஷக்கணக்காக வாசித்த கிட்டார்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரி ஊர்களுக்குள்ளேயே கைமாறுகின்றன. விலை பேசும்போது எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "எல்லாமே ஒரிஜினல்ங்க." அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அவரே மூன்றாவது கையாக வாங்கியிருப்பார். தனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறார்.

இதில் மூன்று விதம் உண்டு. முதலாவது முழு டூப்ளிகேட்: பெயர் மட்டும் பெரிய கம்பெனி, கிட்டார் எங்கோ செய்தது. இரண்டாவது, அசல் கிட்டார்தான், ஆனால் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காயில்), டியூனிங் கீ (சுருதி சேர்க்கத் திருகுவது), பிரிட்ஜ் (பாடியில் கம்பியைத் தாங்கும் உலோகப் பாகம்) என்று சிலது மாறியிருக்கும். மூன்றாவது, ஒன்றின் நெக் (கழுத்து), இன்னொன்றின் பாடி (உடல்), வேறொன்றின் எலெக்ட்ரிக்கல் சாமான் சேர்த்துப் பூட்டியது. ஃபெண்டர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் வகையில் இப்படிச் செய்ததைப் 'பார்ட்ஸ்காஸ்டர்' என்பார்கள். முதலாவதை விட்டு விலகிவிட வேண்டும். மற்ற இரண்டையும் வாங்கலாம், அதற்கான விலைக்கு.

பழைய பைக் வாங்கும்போது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் வண்டியோடு ஒத்துப் பார்க்கிறோம். கிட்டாருக்கு ஆர்.சி. புத்தகம் இல்லை. அதனால் பாகங்களையே ஒன்றுக்கு ஒன்று சாட்சியாக நிறுத்த வேண்டும். நெக் ஒரு வருஷம் சொல்லும், பாட் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் கன்ட்ரோல்) ஒரு வருஷம் சொல்லும், பிரிட்ஜின் வடிவம் ஒரு மாடலைச் சொல்லும். எல்லாம் ஒரே கதையைச் சொன்னால் நிம்மதி. ஒன்று மட்டும் மாற்றிச் சொன்னால், மாறியது அது. நாலும் நாலு கதை சொன்னால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

நல்ல முனையுள்ள ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இரண்டு அளவில், சாதாரண மல்டிமீட்டர், ஒரு கிட்டார் கேபிள், ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற சின்னக் காந்தம், கடைகளில் கள்ள நோட்டு பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கு, செல்போன் டார்ச். புதுக் கம்பி ஒரு செட்டும் எடுத்துப் போங்கள். திறந்து பார்க்கப் பழைய கம்பியைக் கழற்ற வேண்டிவரும். அடுத்தவர் கிட்டாரைக் கம்பியில்லாமல் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை.

முனை தேய்ந்த ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம். ஸ்க்ரூத் தலையை நீங்கள் வழுக்கிவிட்டால், அடுத்து வாங்க வருபவர் அதைப் பார்த்து "யாரோ நோண்டியிருக்கிறார்கள்" என்று சந்தேகப்படுவார். அவர் சந்தேகம் சரியாகவும் இருக்கும்.

போவதற்கு முன்

பஸ் ஏறும் முன்பே பாதி வேலையை முடித்துவிடலாம். விற்பவரிடம் பகல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோ கேளுங்கள்: ஹெட்ஸ்டாக் (டியூனிங் கீ இருக்கும் தலைப்பகுதி) முன்பக்கம், பின்பக்கம், சீரியல் நம்பர், நெக் பாடியோடு சேரும் இடம், பிரிட்ஜ், ஃப்ரெட்போர்டு (நெக்கில் விரல் வைக்கும் பலகை) முழு நீளம். பிறகு அந்த மாடல், அந்த வருஷத்துக் கம்பெனி கேட்டலாக்கை இணையத்தில் தேடி எடுங்கள். பெரிய கம்பெனிகளின் பழைய கேட்டலாக்குகள் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதில் எண்ணிக்கையாக ஒப்பிடக்கூடியதை முதலில் பாருங்கள். எத்தனை ஃப்ரெட் (அந்தப் பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கோடு), எத்தனை குமிழ், பிரிட்ஜை எத்தனை ஸ்க்ரூ பிடித்திருக்கிறது, பிக்கார்டில் (பாடியின் முகப்பில் பூட்டிய பிளாஸ்டிக் தகடு) எத்தனை ஸ்க்ரூ. நிறமும் பளபளப்பும் ஏமாற்றும், எண்ணிக்கை அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது.

ஒரு உதாரணம். மெக்சிகோவின் என்செனாடா தொழிற்சாலையில் செய்த ஃபெண்டர் ஸ்டாண்டர்ட் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு 21 ஃப்ரெட், பிரிட்ஜின் முன்பக்கம் 6 ஸ்க்ரூ. 2018-ல் அதற்குப் பதிலாக வந்த பிளேயர் வரிசையில் 22 ஃப்ரெட், பிரிட்ஜ் நிற்பது 2 தூண்களில். "பிளேயர் சீரிஸ்ங்க" என்று சொல்லி 21 ஃப்ரெட்டைக் காட்டினால், அது பழைய ஸ்டாண்டர்டாகவோ நெக் மாறியதாகவோ இருக்க வேண்டும். அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் 1987-ல் வந்ததிலிருந்தே 22 ஃப்ரெட்தான். இதைப் போட்டோவிலேயே எண்ணிவிடலாம்.

ஃப்ரெட்போர்டு மரமும் காலம் சொல்லும். உலகம் முழுக்கக் கிட்டார்களில் போகிற இந்திய ரோஸ்வுட் வேறொன்றுமில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வார்கள். 2017 ஜனவரியில் இந்த மர இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் காகிதம் தேவைப்பட்டது. அப்போது ஃபெண்டர் தன் மெக்சிகோ கிட்டார்களில் ரோஸ்வுட்டை விட்டுப் பாவ் ஃபெர்ரோ என்ற தென்னமெரிக்க மரத்துக்கு மாறியது. 2019 கடைசியில் இசைக் கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பாவ் ஃபெர்ரோ கொஞ்சம் வெளிறியும் வரி வரியாகவும் இருக்கும். ஆகவே 2012 மாடல் மெக்சிகோ ஸ்டாண்டர்ட் என்று சொல்லும் கிட்டாரில் அந்த வெளிறிய மரம் இருந்தால் நெக்கின் மீது கண் வையுங்கள்.

சீரியல் நம்பர்

எல்லோரும் முதலில் இதைத்தான் பார்ப்பார்கள். நான் இதற்குப் பாதி மதிப்புதான் கொடுப்பேன், ஏனென்றால் டூப்ளிகேட் செய்பவர்களும் இதைத்தான் முதலில் போடுகிறார்கள். ஆனாலும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மெக்சிகோ ஃபெண்டரில் 'எம்என்' என்று தொடங்கினால் 1990-கள், 'எம்இசட்' என்றால் 2000-கள், 'எம்எக்ஸ்' என்றால் 2010 முதல். 'எம்எக்ஸ்' பக்கத்தில் வரும் 2 இலக்கம் வருஷம். அமெரிக்காவில் செய்ததற்கு 2010 முதல் 'யுஎஸ்', அதன் பக்கத்திலும் வருஷம். ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்டான ஸ்குவையரில் 'ஐசிஎஸ்' என்று பார்த்தால் இந்தோனேசியாவில் கோர்டெக் தொழிற்சாலையில் செய்தது, அடுத்த 2 இலக்கம் வருஷம்.

இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான கிப்சனில் 1977 முதல் 2005 வரை சாதாரண மாடல்களுக்கு 8 இலக்கம். முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்தால் வருஷம். நடுவில் உள்ள மூன்று இலக்கம் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. 92005567 என்று இருந்தால் 1995-ம் வருஷம், 200-வது நாள், அதாவது ஜூலை 19. நடுவில் உள்ள மூன்று இலக்கம் 366-ஐத் தாண்டினால் மேலே பேச வேண்டியதில்லை; 94 என்று தொடங்கும் 1994 கிட்டார்களுக்கு மட்டும் இந்த நாள் கணக்கு பொருந்தாது. 2005-ல் 9 இலக்கமானது, 2014-க்கு மேல் முறையே மாறியது.

ஒன்றை மறக்க வேண்டாம்: ஹெட்ஸ்டாக்கில் உள்ள நம்பர் நெக்கின் நம்பர். அது பாடியைப் பற்றி எதுவும் சொல்லாது. ஃபெண்டர் நெக்கை நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி ஐந்து நிமிஷத்தில் மாற்றலாம். பழைய ஃபெண்டர்களில் நம்பர் நெக் பிளேட்டில் இருக்கும். அந்தப் பிளேட்டைத் தனியாகவே கழற்றி விற்கலாம்.

போனில் பேசும்போது இன்னொரு குழப்பம் வரும். கிவ்சன் என்று ஓர் இந்திய பிராண்ட் உண்டு, கொல்கத்தாக்காரர்கள். கிப்சனின் போலி அல்ல, வேறு கம்பெனி. விற்பவர் எதைச் சொன்னார் என்று போட்டோவில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

திறக்காமலே தெரிபவை

நேரில் போனதும் வாசித்துப் பார்க்கும் ஆசை வரும். வாசியுங்கள், ஆனால் அதற்குப் பிறகு ஆம்ப்பை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் எடுத்துப் போய் உட்காருங்கள்.

ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கத்தில் இருந்து தொடங்கலாம். டியூனிங் கீக்கு அடியில், ஓரத்தில் உபரி ஸ்க்ரூத் துளைகள் இருக்கின்றனவா? துளையை அடைத்த தடம் இருக்கிறதா? பழைய கீ உட்கார்ந்திருந்த இடத்தில் மரம் வேறு நிறமாக நிழல் போலத் தெரிகிறதா? இதில் எது இருந்தாலும் கீ மாறியது. அதனால் பயப்பட வேண்டாம், நல்ல கீயாக மாற்றியிருந்தால் சுருதி நிற்கும். ஆனால் 'எல்லாமே ஒரிஜினல்' என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

கிப்சன் என்றால் ட்ரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் கம்பி) மூடியைப் பாருங்கள். அசலில் 2 ஸ்க்ரூ. சீனாவில் செய்யும் டூப்ளிகேட்டுகளில் 3 ஸ்க்ரூ அடிக்கடி வரும். ஹெட்ஸ்டாக் உச்சியின் வளைவையும் அசல் போட்டோவோடு ஒப்பிடுங்கள்; டூப்ளிகேட்காரர்கள் அந்த வளைவில் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். அடுத்து மிக முக்கியமானது: நட்டுக்கு (ஹெட்ஸ்டாக் தொடங்கும் இடத்தில் கம்பிகள் உட்காரும் பட்டை) கீழே, கழுத்தின் பின்பக்கம். கிப்சனின் ஹெட்ஸ்டாக் பின்னால் சாய்ந்தது, மரம் மகாகனி, ட்ரஸ் ராடுக்காக அந்த இடத்திலேயே குடைந்தும் இருக்கும். ஸ்டாண்டிலிருந்து ஒரு தடவை மல்லாந்து விழுந்தால் அங்கேதான் ஒடியும். டார்ச்சைப் பக்கவாட்டில் படுத்தவாறு அடித்து, முடி போன்ற கோடு தெரிகிறதா என்று பாருங்கள்; கட்டைவிரலால் தடவினால் மெல்லிய மேடு தட்டுப்படும். நன்றாக ஒட்டியது பல வருஷம் உழைக்கும். ஆனால் விலை அதோடு நிறையவே இறங்கும், அதனால்தான் சிலர் அதைச் சொல்லமாட்டார்கள்.

லோகோவை நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொல்வார்கள் சிலர். தயவுசெய்து வேண்டாம். ஃபெண்டரிலேயே லோகோ பாலிஷுக்கு மேலே ஒட்டிய காலமும் உண்டு, அடியில் ஒட்டிய காலமும் உண்டு. சுரண்டினால் நஷ்டம் மட்டும்தான் நிச்சயம்.

ஃப்ரெட்டைப் பாருங்கள். பாடி முழுக்கத் தேய்ந்து, பிரிட்ஜில் வியர்வைத் துருப் படிந்து, ஃப்ரெட் மட்டும் புத்தம் புதுசாக இருந்தால் ஃப்ரெட் மாற்றியிருக்கிறார்கள் அல்லது நெக்கே வேறு. பைண்டிங் (ஃப்ரெட்போர்டு ஓரத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் பட்டை) வைத்த கிப்சனில் ஒவ்வொரு ஃப்ரெட் நுனியையும் பைண்டிங் பிளாஸ்டிக் சின்ன மொட்டு போல மூடியிருக்கும். ஃப்ரெட் மாற்றும்போது பொதுவாக அது சீவப்பட்டுவிடும். 2014-க்கு முன் செய்த, பைண்டிங் உள்ள லெஸ் பால் என்ற கிப்சன் மாடலில் அந்த மொட்டு இல்லையென்றால் ஃப்ரெட் மாற்றியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை, நம் ஊர் வெயிலுக்காக. ஓசூர்க் குளிரில் இருந்த கிட்டாரை மே மாதம் தர்மபுரிக்குக் கொண்டுவந்தால் மரம் காய்ந்து சுருங்கும், உலோகம் சுருங்காது. ஃப்ரெட் நுனிகள் ஓரத்தில் கையைக் கீறும். அதைப் பார்த்து 'யாரோ மோசமாக ஃப்ரெட் மாற்றியிருக்கிறார்கள்' என்று முடிவு கட்டாதீர்கள்.

குமிழ்களை லேசாக மேலே இழுத்துப் பாருங்கள். அமெரிக்க அளவுப் பாட்டின் தண்டு கொஞ்சம் தடிமன், பற்கள் நெருக்கம். ஆசியப் பாட்டின் தண்டு 6 மில்லிமீட்டர், பற்கள் குறைவு. ஒன்றின் குமிழை மற்றதில் மாட்டினால் தளர்ந்து சுற்றும், அல்லது பிளந்துவிடும். ஆடுகிற குமிழ் என்றால் ஒன்று குமிழ் மாறியது, இல்லையென்றால் உள்ளே பாட் மாறியது. ஸ்விட்ச் முனைத் தொப்பியிலும் இதே கதைதான்.

பிரிட்ஜ்

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் பழைய துளை எட்டிப் பார்க்கிறதா, அடியில் வேறு அளவுப் பிரிட்ஜின் அச்சு தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். ட்ரெமோலோ (பிரிட்ஜை ஆட்டிச் சுருதியை வளைக்கும் அமைப்பு) உள்ள கிட்டார் என்றால் பின்மூடியைத் திறந்து, கனமான கட்டையில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் ஸ்டீல், ஒட்டாவிட்டால் துத்தநாகக் கலவையோ பித்தளையோ. கேட்டலாக்கில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஃப்ளாய்ட் ரோஸ் என்ற ட்ரெமோலோ பிரிட்ஜ் என்றால் அசல் ஜெர்மனியில் செய்தது, அதிலேயே எழுதியிருக்கும். 'லைசென்ஸ்டு' என்று தொடங்கும் வாசகம் இருந்தால் உரிமம் வாங்கி வேறு கம்பெனி செய்தது. பல கிட்டார்கள் கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வரும், அது குறையில்லை.

நெக்கைக் கழற்றுவதா?

ஃபெண்டர் வகையில் நெக்கின் அடிக்கட்டையில் தேதி முத்திரையோ பென்சில் எழுத்தோ இருக்கும். பாடியின் குழியிலும் அடிக்கடி இருக்கும். இரண்டும் சில வாரம், சில மாதம் முன்பின்னாக இருந்தால் ஒரே கிட்டார் என்று நம்பலாம். இரண்டு வருஷம் தள்ளி இருந்தால் ஜோடி சேர்த்தது.

விலை அதிகமான கிட்டாருக்கு மட்டும் இதைக் கேளுங்கள். கேட்கும் விதமும் முக்கியம். "அண்ணா, நீங்களே கழற்றுங்க, நான் டார்ச் பிடிக்கிறேன்" என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மறுத்தால் அதை வைத்தே கெட்ட முடிவுக்கு வர வேண்டாம். தன் கிட்டார் நெக்கை முன்பின் தெரியாதவர் கழற்றுவதை நானும் விரும்பமாட்டேன். கழற்றினால் முதலில் கம்பியை முழுக்கத் தளர்த்த வேண்டும். குழியில் மடித்த அட்டைத் துண்டு ஒன்று கிடந்தால் பதறாதீர்கள், சாய்வு சரிசெய்யக் கம்பெனியே வைப்பது உண்டு. ஆனால் ஒரே ஸ்க்ரூவுக்கு இரண்டு துளை, அல்லது தீக்குச்சி செருகி அடைத்த துளை இருந்தால் அந்தப் பாடியில் முன்பு வேறு நெக் இருந்திருக்கிறது.

1970-களின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று யாராவது சொன்னால் கழற்றாமலே ஒன்றைப் பார்க்கலாம். அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதியில் நெக்கைப் பிடித்தது மூன்று போல்ட், ஹெட்ஸ்டாக்கும் பெரிது. 1954-ல் அந்த மாடல் வந்தபோதும், பிறகு 1980-களிலிருந்தும் வழக்கமானது நான்கு.

உள்ளே திறந்தால்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்றால் பிக்கார்டு, லெஸ் பால் என்றால் பின்பக்க மூடிகள். நவீன ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கார்டில் பொதுவாக 11 ஸ்க்ரூ, 1950-களின் பாணியில் 8. அமெரிக்க, மெக்சிகோ பிக்கார்டின் துளைகள் விலை குறைந்த ஆசிய மாடல்களோடு அச்சாகப் பொருந்தாது. எனவே மரத்தில் உபயோகமில்லாத துளைகள் இருந்தால் பிக்கார்டு மாறியது. உள்ளே இருக்கும் வயர்களை இழுக்காமல் பிக்கார்டை மெதுவாகப் புரட்டி, கீழே துணி விரித்து வையுங்கள். முதல் வேலையாக நாலைந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மரக்குழி. கம்பெனி குடைந்த குழியின் ஓரம் ஒழுங்காக இருக்கும், உள்ளே பெயின்ட் தெறித்தோ கறுப்புக் கவசப் பூச்சோ இருக்கும். ஒரு மூலையில் மட்டும் பூச்சில்லாத வெறும் மரம் தெரிந்து உளி பட்ட தடம் இருந்தால், சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) இருந்த இடத்தில் யாரோ ஹம்பக்கர் (அகலமான இரட்டைச் சுருள் பிக்கப்) வைக்கக் குடைந்திருக்கிறார்கள். பிறகு பழைய பிக்கப்பைத் திருப்பி வைத்தாலும் அந்தத் தடம் போகாது.

அடுத்து சால்டரிங். கிட்டார் தெரியாதவர்கூட இதைப் படித்துவிடலாம், மைக் செட் கடையில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கிறவர் என்றால் இன்னும் சுலபம். உங்கள் ஊர் மைக் செட் கடைக்காரர் பழக்கம் என்றால் கூட அழைத்துப் போங்கள். 'ஒரிஜினல்' பேச்சு எதுவும் அவர் காதில் ஏறாது, ஈயத்தை மட்டும் பார்ப்பார். தொழிற்சாலையில் ஒரே ஆள் ஒரே சூட்டில் வைத்த ஈயம் எல்லா இணைப்பிலும் ஒரே மாதிரி இருக்கும். பிறகு கை வைத்த இடத்தில் உருண்டை பெரிதாகும், சுற்றிலும் பழுப்பாகப் பசை எரிந்திருக்கும், பக்கத்து வயரின் தோல் உருகியிருக்கும். மூன்று பிக்கப்பில் ஒன்றின் வயர் மட்டும் வேறு நிறம், வேறு தடிமன், நடுவில் ஒட்டுப் போட்டு டேப் சுற்றியது என்றால் அந்த ஒன்று மாறியது. பாட்டின் முதுகில் புது ஈயத்துக்கு அடியில் பழைய ஈயத்தின் தடம் இருந்தால், முன்பு அங்கே வேறு வயர் இருந்திருக்கிறது. சில கம்பெனிகள் ஈயமே இல்லாமல் சொருகும் கனெக்டர் வைக்கின்றன. 2000-களின் கடைசியிலிருந்து பல கிப்சன்களில் சர்க்யூட் போர்டே இருக்கும். அப்படிப்பட்ட மாடலில் தனித்தனிப் பாட்டும் துணி வயரும் இருந்தால் யாரோ மொத்தமாக மாற்றியிருக்கிறார்கள். ஒலிக்கு அது நல்ல மாற்றமாகக்கூட இருக்கலாம்.

பாட்டின் முதுகில் அல்லது பக்கவாட்டில் எண் அச்சிட்டிருக்கும். பழைய அமெரிக்கப் பாட்களில் முதல் மூன்று இலக்கம் செய்தவர்: 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். பிறகு வருஷம், கடைசி இரண்டு இலக்கம் வாரம். 1377922 என்றால் சிடிஎஸ், 1979, 22-வது வாரம். இதை ஒரு பக்கமாகத்தான் நம்ப வேண்டும். பாட் மாறாததாக இருந்தால், கிட்டார் அந்தத் தேதிக்கு முன்பு செய்யப்பட்டிருக்க முடியாது என்பது உறுதி. அந்தத் தேதியில்தான் செய்தார்கள் என்பது உறுதியில்லை. பாட்கள் தொழிற்சாலையில் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் கிடக்கும். ஆக, '1974 கிட்டார்' என்று சொல்வதில் 1979 பாட் இருந்தால் பாட் மாறியது, அல்லது வருஷம் தவறு. 1974 கிட்டாரில் 1973 பாட் இருந்தால் பிரச்சினை இல்லை.

பாட் அளவு: சிங்கிள் காயிலுக்கு வழக்கமாக 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. பிக்கப்பின் முதுகில் ஸ்டிக்கர், அச்செழுத்து, முத்திரை எதுவாயினும் படித்து வையுங்கள். பிக்கப் செய்யும் கம்பெனிகளான டிமார்ஸியோ, சீமோர் டங்கன் பெயர் இருந்து, கேட்டலாக்கில் அந்தப் பெயர் இல்லையென்றால் பிக்கப் மாறியது, பெரும்பாலும் உயர்ந்ததாக.

மல்டிமீட்டரில் ஒரு சோதனை

திறக்க விடவில்லையென்றாலும் இதைச் செய்யலாம். கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் சொருகுங்கள். மறுமுனை பிளக்கின் நுனியில் மீட்டரின் ஒரு முள், தண்டில் இன்னொரு முள். மீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வையுங்கள். வால்யூம், டோன் முழுசாக 10-ல். ஸ்விட்சை ஒவ்வொரு பிக்கப்புக்கும் மாற்றி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாதாரண ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப் 5.5 முதல் 7 கிலோ ஓம் வரை காட்டும். பழைய பாணி ஹம்பக்கர் 7 முதல் 9. ஒலி அதிகமாகத் தரும் 'ஹாட்' ஹம்பக்கர் 13, 16 என்றுகூடப் போகும். பாட் வழியாக அளப்பதால் கொஞ்சம் குறைவாகக் காட்டும். 6 கிலோ ஓம் பிக்கப், 250 கிலோ ஓம் பாட் என்றால் மீட்டரில் 5.86 வரும். ஸ்விட்ச் இரண்டு பிக்கப்பைச் சேர்க்கும் இடத்தில் ஏறக்குறைய பாதியாகும், அது சரி. 20 அளவைத் தாண்டி மீட்டர் '1' என்று நின்றுவிட்டால் அளவை உயர்த்திப் பாருங்கள். 250 பக்கத்தில் காட்டினால் பாட் மட்டும்தான் தெரிகிறது, பிக்கப்பின் சுருள் கம்பி உள்ளே அறுந்திருக்கிறது. பேட்டரி போடும் ஆக்டிவ் பிக்கப்புக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

கம்பெனி சொன்ன எண்ணும் உங்கள் மீட்டர் எண்ணும் அப்படியே ஒத்துப்போகாது. செம்பின் மின்தடை ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 25 டிகிரியில் 6 கிலோ ஓம் காட்டிய பிக்கப், தர்மபுரி மே மாத மதியம் 38 டிகிரியில் 6.3 காட்டும். இதை வைத்து 'பிக்கப் மாறியது' என்று சண்டை போடக் கூடாது. மூன்றில் ஒன்று மட்டும் பெரிதும் விலகி நின்றால் கவனியுங்கள். அப்போதும் பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் கம்பெனியே கொஞ்சம் அதிகமாகச் சுற்றியிருக்கலாம், கேட்டலாக்கைப் பாருங்கள்.

இரைச்சலை வைத்துப் பிக்கப்பைக் குறை சொல்லும் முன் வீட்டு எர்த்தைப் பாருங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் எந்தக் கிட்டாரும் உறுமும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் அறுபடாமல் இருக்கிறது.

பெயின்ட்

இருட்டறையில் ஊதா விளக்கு அடியுங்கள். கரண்ட் போன நேரத்தில் போயிருந்தால் இன்னும் நல்லது. என்ன நிறத்தில் ஒளிர்கிறது என்பதைவிட, எல்லா இடமும் ஒரே மாதிரி ஒளிர்கிறதா என்று பாருங்கள். பழைய கிட்டார்களில் பூசிய நைட்ரோ என்ற வகைப் பாலிஷ் வெளிறிய பச்சையாக ஒளிரும். அதன் நடுவில் ஒரு திட்டு மட்டும் கறுத்து நின்றால் அங்கே பிறகு பூசியிருக்கிறார்கள். கழுத்து ஒடிந்து ஒட்டி மேலே பெயின்ட் அடித்தது இப்படித்தான் வெளியே வரும். ஸ்ட்ராப் பட்டனைக் கழற்றி அடியில் வேறு நிறம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

1950, 60-களின் கிட்டார்களுக்கு மறுபெயின்ட் அடித்தால் விலை பாதியாகும் என்று வியாபாரிகள் சொல்வது வழக்கம். நம் கைக்கு வரும் கிட்டார்களுக்கு அவ்வளவு இல்லை.

விலை பேசும் நேரம்

ஸ்குவையர், யமஹா பசிஃபிகா, ஐபனேஸ் ஜியோ போன்றவற்றில் எல்லாமே ஒரிஜினலாக இருப்பதற்கு நான் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கமாட்டேன். அவற்றில் நல்ல கீ, நல்ல பாட் மாற்றியிருந்தால் லாபம் வாங்குபவருக்குத்தான். பார்க்க வேண்டியது மாடலை மட்டும்: பசிஃபிகா 012-ஐ 112 என்று சொல்லி விற்பது நடக்கும், இரண்டுக்கும் பாடி மரமே வேறு. ஸ்குவையர் நெக்கில் ஃபெண்டர் ஸ்டிக்கர் ஒட்டியதும் நடக்கும்; இரண்டுக்கும் விலை பல மடங்கு வித்தியாசம்.

அமெரிக்க ஃபெண்டர், கிப்சன், ஜப்பானில் செய்த ஐபனேஸ் என்றால் ஒவ்வொரு பாகமும் பணம். நெக் வேறு என்றால் முழு விலை கொடுக்காதீர்கள். பிக்கப் மாறியிருந்தால் பழைய பிக்கப்பின் செகண்ட் ஹேண்ட் விலையைக் கழித்துக் கேளுங்கள். ஒட்டிய கழுத்தைச் சொல்லாமல் மறைத்திருந்தால், எவ்வளவு குறைத்தாலும் நான் வாங்கமாட்டேன். அதை மறைத்தவர் வேறு எதை மறைத்தார் என்று தேடிக்கொண்டிருக்க நேரமில்லை.

முடிவானதும் கடைசியாக ஒன்று கேளுங்கள்: "அண்ணா, இதிலிருந்து கழற்றின பழைய கீ, பிக்கப் ஏதாவது வீட்ல கிடக்குதா?" பாதிப் பேருக்கு அது மேசை டிராயரிலோ ஏதோ ஒரு டப்பாவிலோ கிடக்கும், அதற்கு மதிப்பு உண்டு என்றே தெரியாது, சும்மா கொடுத்துவிடுவார்கள். வாங்கி வந்து ஒரு பெட்டியில் வைத்து, கிட்டாரின் சீரியல் நம்பரை மேலே எழுதி, உள்ளே எடுத்த போட்டோக்களின் பிரிண்டையும் போட்டுக் கட்டி வையுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது, வாங்க வருபவர் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்பே அந்தப் பெட்டியை எடுத்துக் காட்டலாம்.